கடைசியாக நுழையும் குரல்

ஹிக்கரி ஸ்பிரிங்ஸில் யாரையாவது "ப்யூனி" என்று சொல்லிவிட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டு வாசலில் மூடி போட்ட பாத்திரம் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். சளி, காய்ச்சல், பிள்ளைப்பேறு, ஆபரேஷன், சும்மா மனசு சரியில்லை, எதுவாக இருந்தாலும் அலபாமாவின் அந்த மலைமேட்டில் அந்த ஒரு சொல்தான். இங்கிலீஷ் பேசும் மற்ற ஊர்களில் அதற்குச் சின்னது, சீந்த ஆளில்லாதது என்று அர்த்தம் வைத்திருக்கிறார்கள். இங்கே அவ்வளவு ஏளனம் கிடையாது. உடம்பு தளர்ந்திருக்கிறது, ஒரு எட்டு போய் விசாரித்துவிட்டு வாருங்கள் என்றுதான் அர்த்தம்.

மற்றவர்களுக்கு அது வந்து போகிற சொல். சளியோடு வரும், சூப்போடு போகும். டெல்ஃபியா பிரேஷருக்கு மட்டும் வந்தது வந்ததுதான், போகவே இல்லை.

எட்டாவதும் கடைசியுமாகப் பிறந்தவள் அவள். பருத்தி எடுக்கிற காலத்தில், வரவேண்டிய நாளுக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டாள். மூத்த அண்ணன் ஹாய்ட் அப்போது மீசை முளைத்த இளவட்டம். தன் வேலை பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டியில் பஞ்சை அடைத்து, தங்கையை அதில் வைத்து, விறகடுப்பின் கதவைத் திறந்து அதன் அனலில் பெட்டியை வைத்துக் காவல் இருந்தவன் அவன்தான். "பொட்டியில பாதி எடம் மிச்சம் கெடந்துச்சு" என்று இன்றைக்கும் யார் கிடைத்தாலும் சொல்வான். சொல்லும்போது கையை விரித்து அளவு காட்டுவான். வருஷம் ஏற ஏற அந்த அளவு குறைந்துகொண்டே வந்தது. இப்போது ஒரு பெரிய உருளைக்கிழங்கு அளவில் வந்து நிற்கிறது.

டெல்ஃபியாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சாக்ஸ் மில்லில் விரல் நுனியைத் தைத்து மூடும் மெஷினில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. பக்கத்து மெஷின்காரி ட்ரீவா அடிக்கடி சொல்வாள்:

"ஒன்னையப் போயி நோஞ்சான்ங்கிறாங்களே! இந்த மெஷின் எத்தனை தடவ படுத்துருக்கு, நீ என்னைக்காச்சும் படுத்துருக்கியாடி?"

"ஜூன்ல படுத்தேனே."

"அது இருமல். இருமலுக்கு மெஷினும்தான் படுக்கும்."

டெல்ஃபியா அதற்குமேல் பேசமாட்டாள். அவள் வாய் திறப்பது பாட்டுக்குத்தான்.

வருஷா வருஷம் ஜூலை மாத ஞாயிறு ஒன்றில் அந்த மலைமேட்டுச் சர்ச்சில் நாள் முழுக்கப் பாட்டு. மேடை கிடையாது, கேட்கவென்று வருகிற கூட்டம் கிடையாது, பியானோகூடக் கிடையாது. பெஞ்சுகளைச் சதுரமாகத் திருப்பிப் போட்டு நாலு பக்கமும் நாலு குரல் உட்காரும். முன்னால் மெட்டைப் பாடும் டெனர், எதிரே பெண்களின் தாழ்குரல் ஆல்ட்டோ, இந்தப் பக்கம் ஆண்களின் அடிக்குரல் பாஸ், அந்தப் பக்கம் மேல்குரல் ட்ரெபிள். நடுவில் காலியாக ஒரு சதுரம். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அந்தச் சதுரத்தில் வந்து நின்று, தனக்குப் பிடித்த பாட்டின் பக்கத்தைச் சொல்லி, கையை ஏற்றி இறக்கி நடத்துவார். நாலு பக்கக் குரலும் ஒன்றாக மோதும் இடம் அந்தச் சதுரம்தான். அங்கே நின்று கேட்டவர்களுக்கு வெளியே எங்கே கேட்டாலும் பாதி மாதிரித்தான் இருக்கும்.

அப்பனின் விரலைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுக் குழந்தை வந்து நடத்தும். ஊன்றுகோலோடு தொண்ணூறு வயதுக்காரர் வந்து நடத்துவார். டெல்ஃபியா மட்டும் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அந்தச் சதுரத்தில் கால் வைத்ததில்லை. அந்த வயதில் ஒருமுறை ஜூலை வெக்கையில் பாட்டின் நடுவிலேயே மயங்கி விழுந்தாள். ஹாய்ட் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். அன்றோடு சரி. ஹாய்ட்தான் பாட்டுச் சங்கத் தலைவர், ஹாய்ட்தான் எல்லாப் பாட்டுக்கும் சுதி எடுத்துக் கொடுப்பவர், ஹாய்ட்டின் மனைவி வைனெல்தான் பெயர் கூப்பிடுபவள். அவர்கள் கூப்பிடாவிட்டால் யார் கூப்பிடுவது?

இந்த வருஷம் டெல்ஃபியா வாய்விட்டே கேட்டுவிட்டாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கதவருகே நின்று:

"அண்ணி, இந்தத் தடவ என் பேரையும் கூப்புடுங்க."

வைனெல் கையிலிருந்த துண்டை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தாள். "ஒங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"கூப்புடுறது நீங்கதானே."

வைனெல் சிரித்துவிட்டாள். "அதுவும் சரிதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி கூப்புடுறேன். பாட்டைப் பாத்து வச்சுக்கோ."

பாட்டை அவள் முப்பது வருஷமாகப் பார்த்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மாலையே வெளியூர்ப் பாடகர்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களை வீட்டுக்கு இருவர் மூவராகப் பங்கு வைத்துக்கொள்வது வழக்கம். ஹாய்ட் வீட்டுக்கு வந்தவள் கொலெட், கனடாக்காரி. கோர்ட்டில் வேலை. பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்து சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டு, ரெண்டு நாள் தனியாகக் கார் ஓட்டி வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் ஹாய்ட் எல்லாரையும் அறிமுகம் செய்தான்.

"இது எங்க கடைசி. டெல்ஃபியா. ஆல்ட்டோ பாடும். கொஞ்சம் ப்யூனி, அதான் அதிகம் பேசாது."

கொலெட் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் மரியாதை வந்துவிட்டது.

"அப்படியா? எந்தக் கோர்ட்டு?"

வைனெல் ஹாய்ட்டைப் பார்த்தாள், ஹாய்ட் டெல்ஃபியாவைப் பார்த்தான்.

"கோர்ட்டா? அது சாக்ஸ் மில்லுல இருக்கும்மா" என்றான் ஹாய்ட்.

கொலெட் முதலில் விழித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மன்னிச்சுக்குங்க. எங்க ஊர்ல தலைமை நீதிபதின்னு ஒருத்தர் இருப்பார். அவரைத் தவிர மத்த நீதிபதிங்க எல்லாருக்கும் ப்யூனி ஜட்ஜ்னுதான் பேரு. சட்டத்துலயே அப்படித்தான். எழுதுறது வேற மாதிரி, வாயில சொல்றது அச்சு அசல் இதேதான்."

"நோஞ்சான் ஜட்ஜா!" ஹாய்ட் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

"எங்க கவுண்டி ஜட்ஜு ஒக்காந்தா நாற்காலிதான் நோஞ்சானாப் போவும்" என்றாள் வைனெல்.

"இல்ல, நோஞ்சான்னு அர்த்தமே கெடையாது" என்றாள் கொலெட். "எங்க அம்மா வீட்டுப் பேச்சு பிரெஞ்சு. அதுல 'ப்யுயி'ன்னா பிறகு. 'நே'ன்னா பொறந்த ஆள். ரெண்டையும் சேத்தா பின்னாடி பொறந்தவர். அவ்வளவுதான். தலைமை நீதிபதிக்குப் பின்னாடி வந்த ஜட்ஜுங்க, அதனால அந்தப் பேரு. எங்க வீட்ல எனக்கு மூத்தது அஞ்சு பேரு. என்னையும் அப்படித்தான் சொல்வாங்க."

டெல்ஃபியா தலை நிமிர்ந்தாள். விருந்தாளியிடம் கேள்வி கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"அப்ப அது எப்பிடி நோஞ்சான் ஆச்சு?"

"நெலம், வீடு, குதிரை எல்லாம் மூத்தவனுக்கே போய்ச் சேந்துச்சு. பின்னாடி பொறந்தவனுக்கு மிச்சம் மீதிதானே? கொஞ்ச காலம் அப்படியே போனா, பின்னாடி பொறந்தாலே சின்ன ஆளு, சின்ன ஆளுன்னாலே சோப்ளாங்கின்னு ஆயிருச்சு." கொலெட் தோளைக் குலுக்கினாள். "சொல்லு மேல தப்பில்ல. பரிமாறினவங்க மேல தப்பு."

பந்திக்குப் பிந்தினவன் இளைத்துப் போனான், இளைத்ததே அவன் பெயராயிற்று. டெல்ஃபியா அதை மனசுக்குள் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தன் உடம்பைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். அந்தச் சொல் பிறந்தபோது உடம்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையாம். வரிசையைத்தான் சொன்னதாம்.

"இன்னொண்ணு தெரியுமா?" என்றாள் கொலெட், சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு. "எங்க கோர்ட்டுல ப்யூனி உள்ள வந்தா அத்தனை பேரும் எந்திரிச்சு நிக்கணும். எல்லாரும் எந்திரிங்கன்னு கத்துற வேலைதான் எனக்கு."

"நல்ல கதையா இருக்கே" என்று ஹாய்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "பாப்பா, ரெண்டாவது காபி வேண்டாம். தூக்கம் கெட்டா நாளைக்கு வெயில் தாங்காது" என்றான்.

டெல்ஃபியா ரெண்டாவது காபியை ஊற்றிக்கொண்டாள்.

ஞாயிறு காலையிலேயே வெக்கை ஜன்னல் வழியாக ஏறி உள்ளே வந்துவிட்டது. சவ அடக்கக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறிகள் நாலு பக்கமும் அசைந்தன. பழைய வழக்கப்படி முதலில் சுரம், பிறகு வார்த்தை. புத்தகத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம் அச்சடித்திருக்கும்: முக்கோணத்துக்கு ஃபா, வட்டத்துக்கு சோல், சதுரத்துக்கு லா, வைரத்துக்கு மி. ஹாய்ட் டெனர் முன்பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி, தொண்டைக்குள் தேடி, சுதியை எடுத்து நீட்டுவான். எல்லாரும் அதில் ஏறிக்கொள்வார்கள். கூரைத் தகடு அதிர்ந்தது.

வைனெல் எழுந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் டெல்ஃபியாவின் விசிறி நின்று, வேறு பெயர் வந்ததும் மறுபடி அசைந்தது. ட்ரீவா முழங்கையால் இடித்தாள்.

"என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி ஒக்காந்திருக்க?"

"சும்மா இரு."

"எந்தப் பாட்டு?"

"கூப்புட்டப்புறம் சொல்றேன்."

மதியத்துக்கு முன்னால் நினைவுப் பாட்டு நேரம். லோமன் மாப்ரி, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுச்சதுரத்தில் வந்து நின்றார். போன ஜூலைக்குப் பிறகு இறந்தவர்களின் பெயரைச் சொன்னார். அவர்களுக்காக ஒரு பாட்டு. அதன்பிறகு, உயிரோடிருந்தும் எழுந்து வர முடியாமல் கட்டிலோடு கிடப்பவர்களின் பெயர்கள். அவர்களுக்காக ஒரு பாட்டு. கூட்டமே எழுந்து போய் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று பாடுகிற மாதிரி அந்தப் பாட்டு. அதற்குரியவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

லோமன் தலையைத் தூக்காமல், ஒவ்வொரு பெயருக்கும் மூச்சு விட்டு, மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஐரா டோல்சன். மிஸ் ஓனி கார்மன். டெல்ஃபியா பிரேஷர்."

டெல்ஃபியாவின் விசிறி நின்றது.

லோமனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கை தூரம்தான். பெயரைச் சொல்லி முடித்துத் தலையைத் தூக்கியவர் எதிரே அவள் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. ஆனால் நினைவுப் பாட்டில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு எடுப்பது என்பது அந்தக் கூட்டத்தில் நடந்ததே இல்லை. எச்சிலை விழுங்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

"நீ இங்கதானடி இருக்க?" என்று ட்ரீவா காதில் கேட்டாள்.

"எனக்கும் அப்பிடித்தான் தோணுது."

ட்ரெபிள் பக்கத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். டெனர் முன்பெஞ்சில் ஹாய்ட்டின் கழுத்து தக்காளி மாதிரி சிவந்திருந்தது. அவன் தங்கையைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சுதி எடுத்தான். எல்லாரும் பாடினார்கள். தன் நோய் தீரத் தானே பாடிய முதல் ஆள் அந்த ஊரில் டெல்ஃபியாவாகத்தான் இருக்கவேண்டும். அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினாள். பாடும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த வரிசையில் பெயர் வந்தவரை அன்றைக்கு நடுவில் கூப்பிடமாட்டார்கள். எழுந்து வர முடியாதவர் என்று சபை நடுவில் சொன்ன ஆளை எழுந்து வா என்று எப்படிக் கூப்பிடுவது? பாட்டு முடிந்ததும் வைனெல் அவளைப் பார்த்துக் கையை லேசாக விரித்தாள். அண்ணி முகத்தில் நிஜமான வருத்தம். பிறகு வேறு பெயரைக் கூப்பிட்டாள்.

சாப்பாட்டு வேளை. ஓக் மரத்தடியில் சிமெண்டுத் திட்டு நீளத்துக்குப் பாத்திரங்கள். பொரித்த கோழி, மாவுருண்டை போட்ட கோழி, வெண்ணெய் மொச்சை, சோளம், தக்காளி, வாழைப்பழ புட்டிங். டெல்ஃபியா தட்டை எடுக்கப் போகும் முன்பே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீ ஒக்காரு கண்ணு, நான் எடுத்தாறேன்."

"நெழல்ல ஒக்காரு. ஒன் பேரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சே பக்குன்னு ஆயிருச்சு."

"கலர் வெளுத்துதான் இருக்கு பாரேன்."

கொஞ்ச நேரத்தில் அவள் முன்னால் ஐந்து தட்டு. ஐந்திலும் கோழியின் ஈரலே இருந்தது. ரத்தம் ஊறுமாம். அன்பு அப்படி வந்து குவிந்தால் கோபித்துக்கொள்ளக்கூட இடமிருப்பதில்லை. தட்டுகளை ட்ரீவாவின் பக்கம் தள்ளிவிட்டு அண்ணனைத் தேடிப் போனாள்.

ஹாய்ட் மரத்துக்குப் பின்னால் தனியாக நின்று இனிப்பு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என் பேரை நீங்கதான் குடுத்தீங்களா?"

"ஜூன்ல குடுத்தேன். நீ இருமின இருமல் ஒனக்குத் தெரியாது, செவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குத்தான் தெரியும்."

"இது ஜூலை."

"எடுக்கச் சொல்ல மறந்துட்டேன்னு வச்சுக்கோ."

"மறந்தீங்களா?"

ஹாய்ட் டீயைப் பார்த்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். "இல்ல" என்றான். "வைனெல் சொன்னா, நீ நடுவுல நிக்கணும்னு கேட்டேன்னு. அதான் எடுக்கல. பாரு பாப்பா, அன்னைக்கு ஒன்னைத் தூக்கிட்டு ஓடினது நான். ஒன் தலை என் கையிலருந்து எப்பிடித் தொங்குச்சுன்னு நீ பாக்கல. நான் இன்னிக்கும் பாத்துக்கிட்டிருக்கேன்."

டெல்ஃபியா அவன் கையைப் பார்த்தாள்.

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றான் ஹாய்ட், குரலைச் சரிசெய்துகொண்டு. "ஊரே ஒனக்காகப் பாடிருச்சு. சாப்புட்டு வந்து நீ நடுவுல போயி நின்னா, அவங்க பாடினது பொய்யின்னு ஆயிரும். அடுத்த வருஷம் பாப்போம்."

அவளால் வாயெடுக்க முடியவில்லை. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கொலெட் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். ட்ரீவா ஏற்கெனவே மூன்றாவது தட்டில் இருந்தாள்.

"என்ன சொன்னார்?"

"அடுத்த வருஷமாம்."

"முப்பது வருஷமா அடுத்த வருஷம்தான்" என்றாள் ட்ரீவா, ஈரலை மென்றுகொண்டு.

டெல்ஃபியா கொலெட்டைப் பார்த்து, "நேத்து நீங்க சொன்னதையே நெனைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "இந்தப் பாட்டுங்கள்ல பலதுல அந்தக் காலத்துல மூணு குரல்தான். ஆல்ட்டோ கெடையாது. பின்னாடிதான் எழுதிச் சேத்தாங்க."

"அப்படியா?"

"அப்ப ஆல்ட்டோவும் ப்யூனிதான்."

கொலெட் பெரிதாகச் சிரித்தாள். "இப்ப அதை எடுத்துட்டுப் பாடச் சொல்லு பாப்போம், எவனாவது!"

அப்படிப் பாடினால் எப்படி இருக்கும் என்று டெல்ஃபியாவுக்குத் தெரியும். சாக்ஸில் விரல் நுனியைத் தைக்காமல் விட்டதுபோல் இருக்கும். கடைசியாகப் போடுகிற தையல்தான், ஆனால் அது இல்லாமல் அது சாக்ஸே இல்லை. அவள் எழுந்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

"எங்கடி?"

"உள்ள."

"யாரு ஒன்னைக் கூப்புடப் போறா?"

"கூப்புடத் தேவையில்லாத பாட்டு ஒண்ணு இருக்கு."

ட்ரீவா மெல்வதை நிறுத்தினாள். அது உண்மைதான். சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்களை மரத்தடியிலிருந்து திரும்ப உள்ளே இழுக்க ஒரு பாட்டு உண்டு. அதற்கு யாரும் பெயர் சொல்வதில்லை. காலியான சர்ச்சுக்குள் யாராவது ஒருவர் போய் நின்று ஆரம்பித்துவிடுவார், கேட்டவர்கள் வந்து சேர்வார்கள். எப்போதும் அது ஹாய்ட்தான். ஆனால் ஹாய்ட்தான் செய்யவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்த நேரம் ஹாய்ட் புட்டிங் கிண்ணத்தோடு மரத்தடியில் ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் வேணா 'எல்லாரும் எந்திரிங்க'ன்னு ஒரு சத்தம் போடட்டுமா?" என்றாள் கொலெட்.

"வேண்டாம்" என்றாள் டெல்ஃபியா. "நானே கூப்புட்டுக்கிறேன்."

சர்ச்சுக்குள் காலி பெஞ்சுகளும் அவற்றின்மேல் விசிறிகளும். அவள் நடுச்சதுரத்தில் போய் நின்றாள். பலகைத் தரை காலடியில் லேசாக முனகியது. பன்னிரண்டு வயதில் முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அதனால்தான் விழுந்தாள் என்று மில்லுக்குப் போன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குத் தெரியும், முழங்காலை இளக்கி வைத்து, பாரத்தைக் கால் மாற்றிக் கால் மாற்றி வைக்கவேண்டும். அப்படி நின்றாள். ட்ரீவா ஆல்ட்டோ பெஞ்சுக்கும், கொலெட் ட்ரெபிள் பெஞ்சுக்கும் போனார்கள். டெனர் பெஞ்சின் மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த லோமன் திடுக்கிட்டு நிமிர்ந்து கண்ணாடியைத் தேடினார்.

சுதி எடுக்க ஹாய்ட் இல்லை. டெல்ஃபியா கண்ணை மூடினாள். தொண்டைக்குள் ஒன்று வந்தது, தாழ்வாக இருந்தது. அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடினாள். கிடைத்தது. நீட்டினாள். "லா."

அவள் முப்பது வருஷமாகப் பார்த்து வைத்திருந்த அதே பாட்டு. அது துரத்துப் பாட்டு. முதலில் எல்லாரும் சேர்ந்து நடந்து போய், பிறகு ஒரு நொடி நின்று, ஒவ்வொரு குரலாகத் தனித்தனியே உள்ளே பாயும். முதலில் பாஸ், அதன் பின்னால் டெனர், அப்புறம் ட்ரெபிள், எல்லாருக்கும் கடைசியாக ஆல்ட்டோ. சுரத்தில் முதல் பகுதியை நாலு பேராக ஓட்டினார்கள். பாஸ் நுழையவேண்டிய இடம் வந்தது. பாஸ் பெஞ்சு காலி. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தைத் தாவி டெனருக்குப் போயிருப்பார்கள். டெல்ஃபியா தாவவில்லை. காலிப் பெஞ்சைப் பார்த்து நேராகக் கையை நீட்டி, அந்த மௌனத்துக்கும் தாளம் போட்டாள். ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி. பிறகு லோமனின் நடுங்கிய டெனர், கொலெட்டின் ட்ரெபிள், கடைசியில் ட்ரீவாவும் அவளும்.

ஒரு பாஸ் பாடகன் எதை வேண்டுமானாலும் பொறுப்பான், தன் இடம் காலியாகக் கிடக்கிற சத்தத்தை மட்டும் பொறுக்கமாட்டான். மரத்தடியில் பேச்சு அறுந்தது. "எவன்டா பாஸ் பெஞ்சுல இல்லாதவன்?" என்று யாரோ கத்தினார்கள். "எல்லாரும்தான்டா, ஓடு!" என்று இன்னொரு குரல். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் தடதடத்தது. வார்த்தைகளில் இரண்டாவது சுற்று ஆரம்பித்துப் பாஸ் இடம் வந்தபோது, கையில் கோழி எலும்போடு நுழைந்தவர்கள் பெஞ்சுக்குப் போகாமல் வாசற்படியிலிருந்தே பாய்ந்தார்கள். தரை அதிர்ந்தது. அது அவள் உள்ளங்காலில் ஏறியது. டெனர் பாய்ந்தது. ட்ரெபிள் பாய்ந்தது. சாப்பாட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்த ஆல்ட்டோ பெண்களின் பக்கம் அவள் திரும்பிக் கையை இறக்கினாள். கடைசிக் குரல் உள்ளே வந்தது. அதுவரை மூன்று சுவராக நின்ற பாட்டு அப்போதுதான் வீடாயிற்று.

பெஞ்சில் உட்கார யாருக்கும் நேரமில்லை. வந்த இடத்தில், சுவரோரத்தில், ஜன்னலோரத்தில், நின்றபடியே பாடினார்கள். ஊரே நின்றது.

ஹாய்ட் வாசலில் வந்தான். கையில் புட்டிங் கிண்ணம். தங்கையை நோக்கி நடந்தான். அவளைக் கையைப் பிடித்து உட்காரவைக்கப் போகிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். டெல்ஃபியாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் கையை நிறுத்தவில்லை. அவன் அவளைத் தாண்டி டெனர் முன்பெஞ்சுக்குப் போனான். கிண்ணத்தைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தான். நிமிர்ந்து நின்று, தன் கையை அவள் கையோடு சேர்த்து ஏற்றி இறக்கினான். அவன் கண் அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தது. அது அசைந்து அசைந்து பாரத்தை மாற்றிக்கொள்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகுதான் வாயைத் திறந்து பாடினான்.

முடிகிற இடத்தில், நடத்துபவர் விரும்பினால் கடைசிப் பகுதியை மறுபடி கேட்கலாம். டெல்ஃபியா விரலைச் சுழற்றினாள். "இன்னொரு தடவ!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மறுபடி பாஸ் பாய்ந்தது, மறுபடி எல்லாரும் துரத்தினார்கள், மறுபடி கடைசியில் ஆல்ட்டோ வந்து கதவைச் சாத்தியது.

சத்தம் அடங்கியதும் ஆளாளுக்கு விசிறியைத் தேடி எடுத்தார்கள்.

"சுதி கொஞ்சம் ஒசரம், பாப்பா" என்றான் ஹாய்ட்.

"ஏறி வந்துட்டீங்கல்ல."

சிரிப்பு வெடித்தது. பாஸ் பக்கத்தில் ஒருவர் எலும்பைத் தூக்கிக் காட்டினார். சிரிப்பு அடங்குவதற்குள் லோமன் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்தார். பாவம், சாப்பாட்டு நேரம் முழுக்க அவர் மனசை அது அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"சபைக்கு ஒரு திருத்தம் சொல்லணும். காலையில நான் சொன்ன பேருல ஒண்ணு... அது தப்பா வந்துருச்சு. எப்பிடி எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல. இதுக்கு முன்னால எடுத்ததில்ல."

எல்லாரும் ஹாய்ட்டைப் பார்த்தார்கள். ஹாய்ட் கழுத்து மறுபடி சிவந்தது. மரத்தடியில் கிடைக்காத பதில் டெல்ஃபியாவுக்கு இப்போது தானாக வாயில் வந்து நின்றது.

"எடுக்க வேண்டாம், பிரதர் லோமன். அப்பிடியே இருக்கட்டும்" என்றாள். "நீங்கல்லாம் பாடினது பலிச்சிருச்சு."

"ஆமென்!" என்று ட்ரீவா கத்தினாள். நாலு பக்கத்திலிருந்தும் ஆமென் வந்தது. ஹாய்ட்டின் ஆமென் கடைசியாக வந்தது, ஆனால் எல்லாவற்றிலும் அதுதான் உரக்க இருந்தது.

டெல்ஃபியா புத்தகத்தை மூடிக்கொண்டு ஆல்ட்டோ பெஞ்சுக்கு நடந்தாள். அவசரப்படவில்லை. அவள் போய் உட்காரும்வரை சுவரோரம் நின்றவர்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். ட்ரெபிள் பக்கத்திலிருந்து கொலெட் அவளைப் பார்த்துத் தலையை மெல்லத் தாழ்த்தினாள், கோர்ட்டில் செய்வதைப்போல.

அவள் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும் இடம் தேடி உட்கார்ந்தார்கள்.